போனவர்களின் சாவிகள்

ஃபிஜியின் தலைநகரில் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்துவிட்டார்கள் என்று ரேடியோ சொன்ன அன்று, எங்கள் ஊர் ட்ராசாவில் எல்லாரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். கடைக்கு ஓடினேன். அக்கம்பக்கத்தார் மாவு மூட்டை, எண்ணெய் டின், மெழுகுவர்த்தி என்று சுமந்துகொண்டு திரும்பினார்கள். நான் லௌடோகா டவுனில் பாதி இறக்கிவிட்ட ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்து, ஒரு பெட்டி ஃப்ளாப்பி டிஸ்க் வாங்கி வந்தேன்.

மனைவி பெட்டியைத் திறந்து பார்த்தாள். அவள் பா ஊரில், வரதோலியில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் உயராது, இறங்கும்.

"இன்னாங்க இது?"

"டிஸ்க்."

"அது தெரியுது. இத வச்சு ரொட்டி போடலாமா?"

"புரோகிராம காப்பாத்த வேணாமா?"

"சரி. பசிச்சா ஆளுக்கு ஒண்ணு கடிச்சிக்கலாம்."

பயம் வந்தால் எனக்குக் கைகால் நிற்காது, மூளை மட்டும் நின்றுவிடும். அதற்கு முந்தின கலகத்தின்போது நான் பள்ளிக்கூடத்துப் பையன். யாராவது பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று என் சைக்கிளைக் கூரைமேல் ஏற்றி ஒளித்துவைத்தேன். தகரக் கூரைமேல் சிவப்பு சைக்கிள். எங்கள் ரோட்டில் அதுவரை என்னிடம் சைக்கிள் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிந்தது.

காப்பாற்ற வேண்டிய அந்த புரோகிராம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கரும்பு வெட்டுவது தனி ஆள் வேலை இல்லை. அடுத்தடுத்த பண்ணைக்காரர்கள் சேர்ந்து ஒரு கேங். கேங்குக்கு ஒரு சர்தார். இன்று யார் வயல், நாளை யார் வயல், எந்த லாரி யாருக்கு என்று அவர்தான் முறை வைப்பார். முறை வைத்த அன்றே பாதிப் பேர் அவரோடு பேசுவதை நிறுத்திவிடுவார்கள். எங்கள் கேங்குக்குச் சர்தார் என் சித்தப்பா. வெட்டு தொடங்குகிற மாதம் வந்தால் அவர் கல்யாண வீடுகளுக்குக்கூடப் போகமாட்டார். பந்தியில் பக்கத்தில் யார் உட்காருவார்களோ என்ற பயம். நான் டவுனில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவன், கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும். சித்தப்பாவுக்காக அந்த முறையைப் போட்டுக் கொடுக்க ஒரு நிரல் எழுதினேன்.

அதை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டதற்குப் பெரிய லட்சியம் ஏதும் இல்லை. தப்பு வந்தால் என்னை மட்டும் திட்டக்கூடாது, அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதி, அமெரிக்காவில் எங்கோ இருந்த ஓர் இலவச செர்வரில் ஏற்றிவைத்தேன். உலகம் திரண்டு வரும் என்று காத்திருந்தேன். வந்தது ஒரு கணக்கு வாத்தியார்.

அவர் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர். எல்லாருக்கும் மாஸ்டர். கரும்பில் தீப்பிடித்தால் அதை உடனே வெட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் சாறு கெட்டுவிடும். அதனால் எரிந்த வயலுக்கு முதல் முறை என்று மாஸ்டர் ஒரு விதியை எழுதிச் சேர்த்தார். நல்ல விதி. அந்த வருஷம் எங்கள் கேங்கில் வரிசையாக எல்லார் கரும்பும் தானாகவே தீப்பிடித்துக்கொண்டது. அடுத்த வருஷம் மாஸ்டர் இரண்டாவது விதி எழுதினார்: காரணம் தெரியாமல் எரிந்தால், எரிந்தவர் அடுத்த ஆண்டு கடைசி. தீ நின்றுவிட்டது.

இரண்டாவதாக வந்தவர் வரதோலியில் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர், என் மனைவிக்குத் தூரத்து உறவில் அண்ணன். மூன்றாவதாக வந்தவள் லௌடோகா துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு ஃபிஜியப் பெண். கப்பலில் சர்க்கரை ஏற்றுகிற முறையும் வயலில் கரும்பு வெட்டுகிற முறையும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, லாரிப் பகுதி முழுவதையும் பிரித்துப் போட்டு மறுபடி எழுதினாள். எங்களைவிட நன்றாக இந்தி பேசுவாள். நான் அவளை "பெஹன்", தங்கை, என்பேன்; அவள் என்னை "பையா", அண்ணன், என்று கூப்பிடுவாள், திட்டும்போதும் அதேதான்.

சனிக்கிழமை மத்தியானங்களில் என் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் கூடுவோம். நடுவில் பாய், பாயில் மரத்தொட்டி நிறைய யங்கோனா வேரை இடித்துக் கரைத்த பானம், பக்கத்தில் மனைவி வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும். சிரட்டையை வாங்கி ஒரு கைதட்டு, குடித்து முடித்தால் மூன்று தட்டு. கைதட்டலுக்கு நடுவே நிரல் பேசுவோம். நாக்கு மரத்துப்போன பிறகு யாரும் யாரோடும் சண்டை போட முடியாது. தன்னார்வலர்களைச் சேர்ப்பது எப்படி, தக்கவைப்பது எப்படி என்று இப்போது பெரிய கட்டுரைகள் எல்லாம் வருகின்றன. மீன்குழம்பைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

எங்கள் பேச்சு முக்கால்வாசி ஃபிஜி இந்தியில்தான் நடக்கும். மிச்சக் கால்வாசியில் கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் ஃபிஜி. சித்தப்பா வந்து உட்கார்ந்தால்தான் தமிழ். எல்லாவற்றையும் தமிழாக்கி இங்கே எழுதுகிறேன். யாருக்காவது அதில் கௌரவம் கூடியிருந்தால் அது என் தவறு.

செர்வரில் இருந்த நிரலின் பொதுப் பிரதியில் நேரடியாகக் கை வைக்கும் உரிமை நான்கு பேருக்கு இருந்தது. அதை நாங்கள் சாவி என்போம். ஆளுக்கொரு பாஸ்வேர்ட், அதுதான் சாவி.

கலகத்துக்குப் பிறகு ஊர் காலியாகத் தொடங்கியது. நிலத்தின் குத்தகை முடிந்து அதைப் புதுப்பிக்க முடியாதவர்கள் போனார்கள். முடிந்தவர்களும் போனார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் மேஜைமேல் ஒரு விசாப் படிவம் கிடந்தது.

முதலில் புறப்பட்டவர் மாஸ்டர். ஆக்லாந்து. எங்கள் ஆட்கள் புறப்படுகிற விதம் ஒன்று உண்டு. ஒரு மாதத்துக்கு முன்பே வீட்டைக் கலைக்க ஆரம்பித்துவிடுவார்கள். மாஸ்டர் கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். பிரஷர் குக்கரை எங்களுக்குக் கொடுத்தார். கடைசிச் சனிக்கிழமை ஷெட்டுக்கு வந்து, கழுத்தில் நாங்கள் போட்ட மாலையோடு உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துப் பாயில் வைத்தார். அவருடைய பாஸ்வேர்ட்.

"இதையும் வச்சிக்கோப்பா" என்றார்.

நான் தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன். எல்லாரும் மூன்று முறை கைதட்டினோம். நான் உள்ளே போய், கம்ப்யூட்டரில் அவர் பெயரை எடுத்துவிட்டு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் ரேடியோக்காரர் வான்கூவருக்குப் போனார். மீட்டர், சால்டரிங் இரும்பு எல்லாவற்றையும் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, சாவியை என்னிடம் கொடுத்தார். மறுபடி கைதட்டல், மறுபடி கண்ணீர்.

இந்த இடத்தில் புத்திசாலி வாசகர் ஒருவர் கையைத் தூக்குவார். ஆக்லாந்தில் இன்டர்நெட் இல்லையா? வான்கூவரில் கம்ப்யூட்டர் இல்லையா? எங்கள் ட்ராசாவில் போன் லைன் மழை பெய்தால் இருமும். ஒரு ஃபைலை இறக்கப் போட்டுவிட்டுக் குளித்துச் சாப்பிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டு வரலாம். நிரலோ எங்கள் எல்லாருக்கும் முன்பே அமெரிக்காவில் குடியேறிவிட்டது. இத்தனையும் தெரிந்த நாங்கள், நல்ல இன்டர்நெட் உள்ள ஊருக்குப் போகிறவனிடமிருந்து சாவியை வாங்கி வைத்துக்கொண்டு அழுதோம். ஒருவருக்கும், ஒரு நிமிஷமும், இதில் ஏதோ உதைக்கிறதே என்று தோன்றவில்லை.

மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். ஏறியவர்களைப் பற்றி அங்கே யாரும் அப்புறம் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. போகிறவன் மொத்தமாகப் போவான் என்றுதான் எங்களுக்குத் தெரியும். போன பிறகு அவனிடம் வேலை கேட்பது, இலை எடுத்த பிறகு பந்திக்குக் கூப்பிடுவது போல. மாஸ்டருக்கு மாதத்துக்கு ஒரு மெயில் எழுதுவேன். மழை பெய்கிறது, சித்தப்பா சௌக்கியம், உங்கள் கோழி முட்டை வைக்கிறது. நிரலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதமாட்டேன். அவரும் கேட்கமாட்டார்.

இப்படியாக நானும் துறைமுகப் பெண்ணும் மட்டும் மிஞ்சினோம். நிரலைப் பயன்படுத்திய மற்ற கேங்குகளும் ஒவ்வொன்றாகக் கலைந்து, சித்தப்பாவின் கேங் மட்டும் மிஞ்சியது. அதுவும் முழுசாக இல்லை. ஆட்கள் குறைந்துபோனதால் பக்கத்துக் கேங்கையும் எங்கள் கேங்கையும் ஒன்றாக்கிவிட்டார்கள். யார் முதலில், எவன் கடைசியில் என்று இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு கேங்கைச் சேர்த்து முறை வைக்க எங்கள் நிரலுக்குத் தெரியாது. நான் வாரக்கணக்கில் முட்டிப் பார்த்தேன். ஒரு தடவை அது பதினெட்டு லாரியையும் ஒரே ஆளுக்குக் கொடுத்தது. அந்த ஆள் என்னவோ நியாயமான புரோகிராம் என்றுதான் சொன்னார்.

கேங் கூட்டத்தில் சித்தப்பா எழுந்து நின்று சொல்லிவிட்டார்.

"திங்கக்கெழம காத்தால வெட்டு ஆரம்பம். அப்ப என் கையில காயிதம் இருக்கணும். இல்லேன்னா இந்த மிசின மூட்ட கட்டிடு. அந்தக் காலத்து மாதிரி சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கறோம்."

இரண்டு கேங்கும் முதல் தடவையாக ஒரே விஷயத்துக்குக் கை தூக்கியது. இருந்த ஒரே கேங்கும் விட்டுவிட்டால் அதன் பிறகு நிரல் யாருக்கு? அமெரிக்க செர்வரில் ஆளில்லாத வீடு மாதிரி கிடக்கும்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமைதான் துறைமுகப் பெண்ணின் வழியனுப்பு. அவள் புருஷன் பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்திருந்தான். அவளும் இங்கிலாந்து போகிறாள். ஷெட்டில் பாய் விரித்தோம். நான், என் மனைவி, சித்தப்பா, அவள். மாலை போட்டோம். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு சின்னப் பேச்சுப் பேசினேன். பிறகு பாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் சிரட்டையைக் காலி செய்துவிட்டு மரவள்ளிக்கிழங்கு எடுத்தாள்.

"பெஹன்," என்றேன், "சாவி?"

"என்ன சாவி?"

"உன் பாஸ்வேர்ட். கொடுத்துட்டுப் போகணும்ல."

"ஏன்? இங்கிலாந்துல கம்ப்யூட்டர் இல்லையா, பையா?"

"அதுக்கில்ல. மாஸ்டர் கொடுத்தாரு. ரேடியோ அண்ணன் கொடுத்தாரு."

"ஒய்லெய்!" அவள் கிழங்கைக் கீழே வைத்தாள். "நான் இத்தன நாளா என்ன நெனச்சிட்டு இருந்தேன் தெரியுமா? அவங்க ரெண்டு பேருக்கும் அலுத்துப்போச்சு, அதான் கழட்டி வச்சிட்டாங்கன்னு நெனச்சேன். நீயா பிடுங்கிக்கிட்ட?"

"பிடுங்கல. அவங்களா வச்சாங்க."

"நீ எடுத்துக்கிட்ட."

சித்தப்பா தொட்டியைக் கலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி சிரிப்பை அடக்க மீன்குழம்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாவம், அவங்க அங்க கஷ்டப்படறாங்க," என்றேன். "புது ஊரு. புது வேல. அவங்களப் போய் எப்படிக் கேக்கறது?"

"எங்க அண்ணன் லெபனான்ல ஐ.நா. பட்டாளத்துல இருந்தான். கிராமத்துல சர்ச்சுக்குக் கூரை போடணும்னா மொத ஆளா அவனத்தான் கேட்டாங்க. அவன் பொலம்புவான். பொலம்பிக்கிட்டே அனுப்புவான். ஒரு வருஷம் அவனக் கேக்க மறந்துட்டாங்க. அங்கேருந்து போன் போட்டு எங்கம்மாகிட்ட சண்டை. 'நான் செத்துட்டேன்னு சொல்லிட்டாங்களா'ன்னு. எங்க பக்கம் போனவனத்தான் மொதல்ல கேப்போம், பையா."

"உங்களுக்கு கிராமம் இருக்குது."

"உங்களுக்கு இந்த ஷெட் இருக்குதே."

நான் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தேன். தகரத்தில் ஓட்டை, கதவு ஒரு பக்கம் தொங்குகிறது, மூலையில் மாஸ்டரின் பழைய கரும்பலகை.

"எழுது," என்றாள். "வா உள்ள, நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

அப்படியொரு மெயிலை நான் அதற்கு முன்பும் எழுதியதில்லை, பின்பும் எழுதவில்லை. முதலில் கௌரவமாகத் தொடங்கினேன். தங்கள் நலனறிய அவா என்று எழுதினேன். அவள் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன இது, கோர்ட்டு நோட்டீஸா?" என்றாள். அழித்தேன். பிறகு நிலைமையை விளக்கப் போய், விளக்கம் நீண்டு, நடுவில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியில் போனது இதுதான்: "ரெண்டு கேங் ஒண்ணாயிட்டது. திங்கக்கிழமைக்குள் முறை வரவில்லையென்றால் சித்தப்பா நம் புரோகிராமைத் தூக்கிப் போட்டுவிடுவார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உங்கள் சாவிகளை மறுபடி போட்டுவிட்டேன். முடிந்தால் பாருங்கள். முடியாவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கோழி சௌக்கியம்."

அனுப்பிவிட்டு மறுபடி ஷெட்டுக்கு வருவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. கடன் கேட்டுக் கதவைத் தட்டியவன் மாதிரி ஓடி ஒளியலாம் போலிருந்தது. மனைவி ஒரு சிரட்டை நீட்டினாள்.

"அவங்க என்ன நெனப்பாங்களோ" என்றேன்.

"உங்கள பத்தி புதுசா நெனைக்க என்னங்க இருக்குது?" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் மாஸ்டரின் பதில் வந்துவிட்டது. நான் எழுதியதைவிட நீளம். முதல் பாதி முழுவதும் நிரல். எந்த இடத்தில் உடைகிறது, ஏன் உடைகிறது, நான் முட்டிப் பார்த்த வழி ஏன் ஆறாம் வகுப்புப் பையனும் போகாத வழி. இரண்டு கேங்கிலும் போன வருஷம் கடைசியில் வெட்டியவர்களை இந்த வருஷம் முன்னால் கொண்டுவந்து, இங்கிருந்து ஒன்று அங்கிருந்து ஒன்று என்று கோக்கலாம் என்று எழுதியிருந்தார். இரண்டாம் பாதி நான்கைந்து வரிதான்.

"நான் இங்கே சாமான் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். வேலை மோசமில்லை. ஆனால் இங்கே என்னை மாஸ்டர் என்று கூப்பிட ஒருத்தரும் இல்லை. நாட்டை விட்டு வந்தவன், இனி என்ன உரிமையில் கேட்பது என்று நானும் பேசாமல் இருந்தேன். நீ கோழியைப் பற்றி எழுதுவாய். எனக்கு எதுக்கப்பா கோழி? ஒரு கணக்கு அனுப்பியிருக்கலாமே."

இதைத் துறைமுகப் பெண்ணுக்குப் படித்துக் காட்டினேன். "நான் சொல்லல?" என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. மாலையைக் கழற்றிக் கம்ப்யூட்டர்மேல் மாட்டிவிட்டு, மாஸ்டர் சொன்ன வழியில் லாரிப் பகுதியைத் தான் மாற்றித் தருவதாகச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுடைய வழியனுப்பு அத்தோடு முடிந்தது, வேலை ஆரம்பமானது.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோக்காரரும் வந்து சேர்ந்துகொண்டார். வான்கூவரில் அப்போது சனிக்கிழமை. இரண்டு கேங்கின் விவரங்களையும் அவருக்கும் மாஸ்டருக்கும் அனுப்பிவைத்தேன். மாஸ்டர் எழுத, அவர் ஓட்டிப் பார்க்க, இவள் திருத்த, மெயில் மேல் மெயில். என் போன் லைன் அன்று ஒரு தடவைகூட இருமவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாம் கூடிவந்துவிட்டது.

அந்த இடத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். எல்லாரும் உழைக்கும்போது நாம் மட்டும் சும்மா இருக்கிறோமே என்று, ஒரு பாதுகாப்புக்காக, கம்ப்யூட்டரில் இடம் பண்ணலாம் என்று பழைய ஃபைல்களை அழிக்கத் தொடங்கினேன். தேவையில்லாததாகத் தெரிந்த எல்லாவற்றையும் அழித்தேன். கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்கிற ஃபைல்கள் பார்வைக்கு எவ்வளவு தேவையில்லாதவையாக இருக்கின்றன என்று அன்று தெரிந்துகொண்டேன். திரை கருப்பானது. மறுபடி வெளுக்கவேயில்லை.

நான் போட்ட சத்தத்தில் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"பாம்பா?"

"எல்லாம் போச்சு."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணனுக்கு போன் போடுங்க."

"கனடாவுக்கா?"

"பின்ன, கூரமேல ஏத்தி ஒளிச்சு வைக்கப் போறீங்களா?"

போட்டேன். ரேடியோக்காரர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் சிரித்தார். வெளிநாட்டுக் கால் என்பதால் அந்தச் சிரிப்பு முழுவதையும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"மாப்ள, நீ போய்ப் படு," என்றார். "விவரம் எல்லாம் எங்கிட்ட இருக்குது. நானே ஓட்டி, முறையப் போட்டு அனுப்பறேன். காலையில உங்க கடையில போய் பிரிண்ட் மட்டும் எடுத்துக்க."

"நாளைக்கு திங்கக்கெழம, அண்ணே!"

"உனக்கு. எனக்கு இன்னும் சனிக்கெழமையே முடியல."

திங்கட்கிழமை விடிந்ததும் இரும்புக் கடையின் பின்கதவைத் திறந்துகொண்டு போனேன். மெயில் வந்திருந்தது. பிரிண்டர் என் வேகத்துக்கு ஒத்துழைக்கவில்லை. அதனிடம் நான் தமிழ், இந்தி இரண்டிலும் பேசினேன். காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கரும்பு ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இரண்டு கேங்கும் கூடியிருந்த மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, சித்தப்பா ஒரு தொப்பியில் துண்டுச் சீட்டுகளைப் போட்டுத் தயாராக வைத்திருந்தார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை மேலிருந்து கீழே படித்தார். எல்லாரும் அவர் முகத்தைப் படித்தார்கள்.

"இன்னாடா இது, நேத்துத் தேதி போட்டிருக்குது?"

"கனடாவுல போட்டது, சித்தப்பா. அங்க இன்னும் நேத்துதான்."

"இன்னிக்கி யார் கரும்பு வெட்டணும்னு அவனுக்கு நேத்தே தெரியுமா?"

பக்கத்துக் கேங்கிலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். உயரமான ஆள், கையில் கரும்புக் கத்தி, வெட்டுக்குத்தான் கொண்டுவந்தார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். "யார் போட்ட மொற இது? உங்க அண்ணன் மவன் போட்டதா? அவன் உங்க பக்கம்தான் இழுப்பான்."

நான் போட்டதில்லை, நான் தொட்டால் கம்ப்யூட்டரே போய்விடும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சித்தப்பா முந்திக்கொண்டார்.

"இவனா? இவனுக்கு இன்னா தெரியும்? கணக்கப் போட்டது நம்ம மாஸ்டரு, ஆக்லாந்துல. லாரி போட்டது நம்ம துறைமுகத்துப் பொண்ணு. ஓட்டி அனுப்புனது கனடாவுல இருக்கற ரேடியோக்காரரு. மூணு பேர்ல எவனுக்காவது இங்க ஒரு குச்சி கரும்பு இருக்குதா? அவங்களுக்கு நீயும் ஒண்ணு, நானும் ஒண்ணு. சண்ட போடணும்னா கனடாவுக்கு போன் போடு."

உயரமான ஆள் கொஞ்சம் யோசித்தார். மாஸ்டரிடம் அவர் படித்தவர். மாஸ்டர் போட்ட கணக்கு என்றால் தப்பு கண்டுபிடிப்பதில் பிரயோஜனம் இல்லை என்று அவருக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, "மொத வயல் யாருது?" என்றார். அவருடையதுதான். போன வருஷம் அவர்தான் கடைசி.

சித்தப்பா தொப்பியைக் கவிழ்த்துச் சீட்டுகளைக் கொட்டிவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டார். அந்த வருஷம் அவர் இரண்டு கல்யாணங்களுக்குப் போனார்.

துறைமுகப் பெண்ணை நாந்தி ஏர்போர்ட்டில் வழியனுப்பியபோது அவளிடம் நான் எதையும் வாங்கவில்லை. கொடுத்தேன்: அடுத்த பருவத்துக்குச் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை. "அங்க போய்ச் சேரவிடு முதல்ல" என்று புலம்பினாள். அவள் அண்ணனும் இப்படித்தான் புலம்புவான் என்று நான் தைரியமாக இருந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் அதுதான். யார் புறப்பட்டாலும் கையில் ஒரு வேலை கொடுத்தனுப்புவோம். அதைச் செய்யத் தெரியாதவர்கள், தெரிந்த யாரையாவது அங்கே பிடித்தார்கள். மாஸ்டர் தன் கிடங்கிலேயே ஒரு சமோவாப் பையனைப் பிடித்தார். ரேடியோக்காரர் மகளைப் பிடித்தார், பிறகு அவள் பிடித்த ஒருவனுக்கே அவளைக் கட்டிக் கொடுத்தார். முறை வைப்பது என்றால் கரும்புக்கு மட்டுமா? ஒரு ஊரில் கோயில் சமையலுக்கு, இன்னொரு ஊரில் கால்பந்து மைதானத்துக்கு என்று நிரல் எங்கெங்கோ போய்விட்டது. சனிக்கிழமை ஷெட்டில் இப்போது நானும் சித்தப்பாவும் தொட்டியும்தான். ஆனால் கம்ப்யூட்டரைத் திறந்தால் உட்கார இடமில்லை.

சில வருஷங்கள் கழித்து, ஒரு டிசம்பரில், மறுபடி ரேடியோ. இந்தத் தடவை ராணுவம். ரோட்டில் சிப்பாய்கள் நின்று வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி கடைக்குப் போய் மாவும் எண்ணெயும் வாங்கிவந்தாள். நான் கம்ப்யூட்டருக்குப் போனேன். நாடு இருக்கிறதோ இல்லையோ, நிரல் இருக்க வேண்டும். யாராவது ஒரு திருத்தம் போட்டால் உடனே மொத்த நிரலும் எல்லாருடைய கம்ப்யூட்டருக்கும் தானாகப் போய்ச் சேரும்படி நூறு வரி எழுதி அனுப்பினேன்.

மாஸ்டரிடமிருந்து உடனே பதில் வந்துவிட்டது. என் திருத்தத்தைச் சேர்க்க மறுத்துவிட்டார். காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தார்:

"எல்லாரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. பதற்றத்தில் போட்ட கணக்கு. வழிமுறை காட்டவில்லை. சாப்பிட்டுவிட்டு மறுபடி செய்."